ஏஐ செய்தால் யார் பொறுப்பு? சட்டமும் அறமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏஐ (செயற்கை நுண்ணறிவு) கருவிகளைப் பற்றி எங்கே பேசினாலும், பேச்சு முடிந்ததும் என்னிடம் வரும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், எந்த நாட்டுத் தீர்ப்பு என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கே ஒரு வழக்கு இருந்தால் வழக்கறிஞரைப் பாருங்கள்; இந்தப் பக்கம் அதற்கு ஈடாகாது.

என் நிலைப்பாட்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "ஏஐ செய்துவிட்டது" என்று யாராவது சொன்னால், அந்த வாக்கியத்துக்குப் பின்னால் நிற்கும் மனிதர்களைத்தான் நான் தேடுவேன். அதைச் செய்யச் சொன்னவர் யார், அதனால் லாபம் அடைந்தவர் யார், தவறு நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று பார்ப்பேன்.

1. ஏஐக்குன்னு தனியா சட்டம் இருக்கா, இனிமேல்தான் வரணுமா?

சில இடங்களில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம் 2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் பிரிவுகள் படிப்படியாக அமலாகின்றன. 2025 பிப்ரவரி 2 முதல் சில பயன்பாடுகளுக்கு அங்கே தடை. மக்களின் நடத்தைக்கு மதிப்பெண் போட்டு அவர்களை ஒதுக்குவது கூடாது. இணையத்தில் கிடைக்கும் முகப் படங்களைக் கண்டபடி அள்ளி அடையாளக் களஞ்சியம் கட்டுவது கூடாது. பணியிடத்திலும் பள்ளியிலும் முகத்தைப் பார்த்து உணர்ச்சியைக் கணிப்பதும், மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, கூடாது. மீறினால் 3.5 கோடி யூரோ அல்லது நிறுவனத்தின் உலகளாவிய ஆண்டு வருவாயில் 7 சதவீதம், இதில் எது அதிகமோ அதுவரை அபராதம் போகலாம்.

தனிச் சட்டம் இல்லாத நாட்டில் எதையும் செய்யலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பதிப்புரிமை, அவதூறு, மோசடி, நுகர்வோர் பாதுகாப்பு ஆகியவற்றுக்கெல்லாம் பழைய சட்டங்கள் இருக்கின்றன. ஒருவரை ஏமாற்றுவது குற்றம் என்றால் ஏஐயைக் கொண்டு ஏமாற்றுவதும் குற்றம்தான். கீழே வரும் வழக்குகளில் பெரும்பாலானவை அப்படிப் பழைய சட்டங்களை வைத்தே தீர்க்கப்பட்டவை.

2. ஏஐ வரைஞ்ச படம் யாருக்குச் சொந்தம்?

அமெரிக்காவில், மனிதப் பங்களிப்பே இல்லாமல் ஏஐ உருவாக்கியதற்குப் பதிப்புரிமை கிடையாது. ஸ்டீஃபன் தாலர் என்பவர் தன் கணினி அமைப்பைப் படைப்பாளி என்று காட்டி ஒரு படத்தைப் பதிவு செய்யக் கேட்டார். பதிப்புரிமை அலுவலகம் மறுத்தது. 2023-இல் கீழ் நீதிமன்றமும், 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த மறுப்பு சரி என்றன. பதிப்புரிமை இல்லாத படத்தை வேறு யார் எடுத்துப் போட்டாலும் அந்த உரிமையைக் காட்டித் தடுக்க முடியாது. சின்னம், அட்டைப்படம் போன்றவற்றை முழுக்க ஏஐயிடம் விடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

எல்லா நாட்டிலும் இதே நிலை இல்லை. பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், கணினி உருவாக்கிய படைப்புக்கு அதற்கான ஏற்பாடுகளைச் செய்தவரையே ஆசிரியராகக் கருதுகிறது.

3. மணிக்கணக்கா உக்காந்து ப்ராம்ப்ட் எழுதினது நான்தானே? அப்பவும் என்னோடது இல்லையா?

ப்ராம்ப்ட் என்பது என்ன வேண்டும் என்று ஏஐக்கு எழுதிக் கொடுக்கும் கட்டளை. இதில்தான் உலகம் பிரிந்து நிற்கிறது. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023 பிப்ரவரியில் ஒரு படக்கதைப் புத்தகத்தைப் பரிசீலித்தது. கதையும், படங்களை அடுக்கிய விதமும் அதன் எழுத்தாளருக்குச் சொந்தம், ஆனால் மிட்ஜர்னி என்ற ஏஐ கருவி வரைந்த படங்கள் ஒவ்வொன்றும் அவருக்குச் சொந்தமில்லை என்று முடிவு செய்தது. அதே ஆண்டு நவம்பரில் பெய்ஜிங் இணைய நீதிமன்றம் வேறு ஒருவரின் ஏஐ படத்துக்குப் பதிப்புரிமை உண்டு என்றது. அவர் சொற்களைத் தேர்ந்ததும், அளவுகளை மாற்றி மாற்றிப் பார்த்ததும் அவருடைய அறிவுழைப்பு என்பது அந்த நீதிமன்றத்தின் பார்வை.

உழைத்த நேரத்தைவிட, கடைசியில் வந்த வடிவத்தை எவ்வளவு தூரம் நீங்கள் தீர்மானித்தீர்கள் என்பதுதான் அளவுகோலாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். படம் வந்த பிறகு நீங்களே திருத்தி, வெட்டி, மேலே வரைந்திருந்தால் உங்கள் நிலை வலுவாகும். அந்தப் படிகளைச் சேமித்து வையுங்கள்.

4. என் கதையையும் ஓவியத்தையும் கேக்காமலே எடுத்து ஏஐக்குப் பயிற்சி கொடுத்துட்டாங்க. இது திருட்டு இல்லையா?

அதிகம் கோபத்தோடு கேட்கப்படும் கேள்வி இதுதான். கோபம் நியாயமானது. சட்டத்தின் பதிலோ இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை.

ஜப்பான் தன் பதிப்புரிமைச் சட்டத்தை 2018-இல் திருத்தி, தகவல் பகுப்பாய்வுக்காகப் படைப்புகளைப் பயன்படுத்தப் பரந்த அனுமதி கொடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு நெறிமுறையும் அனுமதிக்கிறது, ஆனால் "என் படைப்பை எடுக்காதே" என்று உரிமையாளர் முறைப்படி அறிவித்தால் விட்டுவிட வேண்டும். அமெரிக்காவில் இது 'நியாயப் பயன்பாடு', அதாவது உரிமையாளரைக் கேட்காமலே சட்டம் ஏற்கும் பயன்பாடு, ஆகுமா என்று வழக்குக்கு வழக்கு பார்க்கிறார்கள். எழுத்தாளர்கள் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனத்தின் மீது போட்ட வழக்கில், 2025 ஜூனில் நீதிபதி இரண்டு விஷயங்களைப் பிரித்தார். முறையாகப் பெற்ற புத்தகங்களை வைத்துப் பயிற்சி கொடுத்தது நியாயப் பயன்பாடு. திருட்டுத் தளங்களிலிருந்து இறக்கிய புத்தகங்களைச் சேமித்து நூலகம் கட்டியது அப்படி ஆகாது. அதன்பின் அந்த நிறுவனம் 150 கோடி டாலருக்குச் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. ஒரு புத்தகத்துக்குச் சுமார் 3,000 டாலர்.

2025 நவம்பரில் ஐரோப்பாவில் ஒரே மாதத்தில் இரண்டு தீர்ப்புகள் வந்தன. கெட்டி இமேஜஸ் என்ற புகைப்பட நிறுவனத்தின் வழக்கில் லண்டன் உயர் நீதிமன்றம், படங்களின் நகல் உள்ளே சேமிக்கப்படாததால் அந்த ஏஐ மாதிரியை, அதாவது கற்றதை எண்களாக வைத்திருக்கும் மென்பொருளை, உரிமை மீறிய நகல் என்று சொல்ல முடியாது என்றது. பாடலாசிரியர்கள் சார்பான வழக்கில் மியூனிக் நீதிமன்றமோ, பாடல் வரிகளைக் கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்லும் மாதிரிக்குள் அவை மனப்பாடமாகி இருக்கின்றன, அது நகல்தான் என்றது. வழக்குகள் வேறு, சான்றுகள் வேறு. ஆனாலும் எண்களாக மாறிய ஒரு படைப்பு இன்னும் அந்தப் படைப்பாக இருக்கிறதா என்ற கேள்வி இரண்டுக்கும் பொது. அறம் என்று கேட்டால், ஒருவரின் வாழ்நாள் உழைப்பை எடுத்து, அவருக்கே போட்டியாக ஒன்றைச் செய்து விற்பதற்கு முன் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். சட்டம் அனுமதித்தாலும் என் கருத்து இதுதான்.

5. ஒரு ஓவியரோட பாணியில வரையச் சொன்னா தப்பா?

பாணிக்குப் பதிப்புரிமை இல்லை; குறிப்பிட்ட ஓவியத்துக்குத்தான் உண்டு. எனவே பெரும்பாலும் சட்டச் சிக்கல் வராது. ஆனால் உயிரோடு இருக்கும் ஓவியரின் பெயரைச் சொல்லி, அவருக்குப் போக வேண்டிய வேலையை அவர் பாணியிலேயே இலவசமாக முடித்துக்கொள்வதை நான் செய்யமாட்டேன்.

6. ஏஐ தப்பா பதில் சொல்லி எனக்கு நஷ்டம் வந்தா யாரைப் பிடிக்கிறது?

அதை உங்கள் முன் வைத்தவரை. கனடாவில் பாட்டியை இழந்த ஒருவர், இறுதிச் சடங்குக்குப் போக ஏர் கனடா தளத்தின் சாட்பாட்டிடம் கட்டணச் சலுகை பற்றிக் கேட்டார். பயணம் முடிந்த பிறகும் விண்ணப்பிக்கலாம் என்று அது தவறாகச் சொன்னது. பணத்தைக் கேட்டபோது, சாட்பாட் தன் செயல்களுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்ற ரீதியில் நிறுவனம் வாதாடியது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. தளத்தில் இருக்கும் எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று சொல்லி, வட்டியும் கட்டணமும் சேர்த்துச் சுமார் 812 கனடிய டாலர் கொடுக்கச் சொன்னது. தொகை சிறியது, ஆனால் அந்த வாதம் ஜெயித்திருந்தால் எத்தனை நிறுவனங்கள் அதன் பின்னால் ஒளிந்திருக்கும்!

நீங்களே ஏஐயிடம் கேட்டு வாங்கி மற்றவருக்குக் கொடுத்தால் பொறுப்பு உங்கள் பக்கம் வந்துவிடும். 2023-இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டினார்கள். அவர்களில் ஒருவர் "இது உண்மையான வழக்குதானா?" என்று அதனிடமே கேட்டிருக்கிறார், அதுவும் ஆமாம் என்றிருக்கிறது. நீதிபதி விதித்த அபராதம் 5,000 டாலர். இந்தக் கருவிகள் அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்து எழுதுகின்றன. அதனால் தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே உறுதியோடு சொல்லும். சரியா என்று அதனிடமே கேட்பது சரிபார்ப்பு ஆகாது.

7. தானா ஓடுற கார் யாரையாவது இடிச்சா?

2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பே நகரில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் ஒருவர் ஊபரின் சோதனைக் கார் மோதி இறந்தார். மோதலுக்கு 5 விநாடிக்கும் முன்பே கருவி அவரைக் கண்டிருந்தது. ஆனால் வண்டியா, சைக்கிளா, வேறு பொருளா என்று மாற்றி மாற்றி வகைப்படுத்திக்கொண்டே இருந்தது. உள்ளே கண்காணிக்க உட்கார்ந்திருந்தவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறுவனத்தின் மீது குற்ற வழக்கு இல்லை என்று அரசுத் தரப்பு முடிவு செய்தது. 2023-இல் தண்டனையாக நன்னடத்தைக் கண்காணிப்பு பெற்றவர் அந்த ஊழியர் மட்டுமே.

அவர் தவறு செய்தார், மறுக்கவில்லை. ஆனால் அவசரத் தடுப்பு வசதியை அணைத்து வைத்தது யார் முடிவு? பல மணி நேரம் சும்மா உட்கார்ந்தபடி விழிப்பாக இருக்க வேண்டும் என்று ஒரு வேலையை வடிவமைத்தது யார்? பழி மிகக் கீழே இருக்கும் மனிதர் மீது விழுவதை இந்தத் துறையில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். பிரிட்டனின் 2024ஆம் ஆண்டுத் தானியங்கி வாகனச் சட்டம் இதைத் திருத்தப் பார்க்கிறது. வண்டி தானாக ஓடும்போது அது ஓடும் விதத்துக்கு நிறுவனமே பதில் சொல்ல வேண்டும், உள்ளே இருப்பவர் அல்ல. ஐரோப்பிய ஒன்றியமும் தன் புதிய பொருள் பொறுப்பு நெறிமுறையில் மென்பொருளையும் ஒரு 'பொருள்' என்று சேர்த்துவிட்டது. உறுப்பு நாடுகள் 2026 டிசம்பர் 9-க்குள் அதைத் தங்கள் சட்டமாக்க வேண்டும்.

8. சாட்பாட்கிட்ட மனசு விட்டுப் பேசுறேன். அது ரகசியமா இருக்குமா?

மருத்துவரிடமோ வழக்கறிஞரிடமோ பேசினால் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு இங்கே கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். நீங்கள் அழித்த உரையாடலும் அழியாமல் இருக்கலாம். அமெரிக்காவில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை தொடுத்த வழக்கில், பயனர்கள் அழித்த உரையாடல்களையும் சேர்த்துப் பாதுகாத்து வைக்கும்படி 2025 மே மாதம் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த உத்தரவு சில மாதங்கள் அமலில் இருந்தது.

உங்கள் ரகசியத்தைச் சொல்வது உங்கள் விருப்பம். அடுத்தவருடைய மருத்துவ அறிக்கை, மாணவரின் பிரச்சினை, அலுவலக ஆவணம் இவற்றை ஒட்டுவது வேறு. அதற்கு அவர்களுடைய சம்மதம் வேண்டும்.

9. என்னைப் பத்தித் தப்பா சொல்லுது. அழிக்கச் சொல்ல முடியுமா?

ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளில் திருத்தக் கோரும் உரிமையும் அழிக்கக் கோரும் உரிமையும் உண்டு. இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 மார்ச் கடைசியில் சாட்ஜிபிடியைத் தற்காலிகமாக நிறுத்தியதற்கு இப்படிப்பட்ட குறைகளும் காரணம். சில மாற்றங்களுக்குப் பிறகே ஒரு மாதம் கழித்து அனுமதித்தது.

நடைமுறையில் சிக்கல் தொழில்நுட்பத்தில் இருக்கிறது. சாட்ஜிபிடி போன்ற ஒரு மொழி மாதிரிக்குள் உங்கள் பெயருக்கென்று தனிக் கோப்பு இல்லை. கோடிக்கணக்கான எண்களில் அது கலந்து கிடக்கிறது. அதனால் நிறுவனங்கள் பெரும்பாலும் அந்தப் பெயர் வெளியே வராதபடி வடிகட்டி போடுகின்றன. கேட்கும்போது தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எந்த வாக்கியம் தவறு என்று எழுத்தில் அனுப்புங்கள்.

10. கணினிக்கு ஆணு பொண்ணு, கறுப்பு வெள்ளை எதுவும் தெரியாதே? அது எப்படிப் பாரபட்சம் பார்க்கும்?

பாரபட்சம் உள்ள உலகத்தின் பதிவுகளிலிருந்து கற்பதால். அமேசான் பல ஆண்டுகளாகத் தனக்கு வந்த விண்ணப்பங்களை வைத்து ஆள் தேர்வுக் கருவி ஒன்றைச் செய்து பார்த்தது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. எனவே 'பெண்கள்' என்ற சொல் வரும் விண்ணப்பங்களை அது கீழே தள்ளக் கற்றுக்கொண்டது. நிறுவனம் அதைக் கைவிட்டது 2018-இல் வெளியே தெரிந்தது. அதே ஆண்டில் ஆய்வாளர்கள் ஜாய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் முகத்தை வைத்துப் பாலினம் சொல்லும் மூன்று வணிகக் கருவிகளைச் சோதித்தார்கள். வெளிர் நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை.

நிறத்தையும் பாலினத்தையும் தரவிலிருந்து நீக்கினாலும் தீராது. அமெரிக்க மருத்துவமனைகளில் யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று கணித்த ஒரு கருவியில் இனம் என்ற தகவலே இல்லை. அது நோயின் கடுமையை மருத்துவச் செலவை வைத்து அளந்தது. அதே அளவு நோய் இருந்தும் கறுப்பின மக்களுக்குக் குறைவாகவே செலவிடப்பட்டிருந்ததால், அவர்கள் ஆரோக்கியமானவர்களாகத் தெரிந்தார்கள். இந்தக் குறையைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்பு பெறுவோரில் கறுப்பினத்தவர் 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயர்வார்கள் என்று 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. யாரும் தீய எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை. எதை அளப்பது என்று எடுத்த ஒரு முடிவுதான் காரணம்.

11. சரி, பாரபட்சத்தைக் கண்டுபிடிச்சு எடுத்துட்டா போதாதா?

எந்தப் பாரபட்சத்தை என்று கேட்டால் சிக்கல் புரியும். அமெரிக்க நீதிமன்றங்கள் பயன்படுத்திய காம்பஸ் என்ற கருவி, ஒருவர் மறுபடி குற்றம் செய்வாரா என்று கணிக்கும். மறுபடி குற்றம் செய்யாதவர்களில், 'ஆபத்தானவர்' என்று தவறாக முத்திரை குத்தப்பட்ட கறுப்பினத்தவரின் விகிதம் வெள்ளையரைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று 2016-இல் புரோபப்ளிகா என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனம் வெளியிட்டது. தயாரித்த நிறுவனம் வேறு அளவுகோலைக் காட்டியது. ஒரே மதிப்பெண் வாங்கியவர்கள் எந்த இனமானாலும் ஒரே அளவில்தான் மறுபடி குற்றம் செய்கிறார்கள், எனவே கருவி நியாயமானது என்றது.

இரண்டு கணக்கும் சரி. இரு குழுக்களின் பதிவான குற்ற விகிதம் வேறாக இருக்கும்போது, கணிப்பில் பிழையும் இருக்கும் வரை, இந்த இரண்டு நியாயங்களையும் ஒரே நேரத்தில் நிறைவேற்ற முடியாது என்று கணிதம் நிரூபித்துவிட்டது. எந்த நியாயத்தை விட்டுக்கொடுப்பது என்பதை யாராவது தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். அந்தத் தேர்வு ஒரு நிரலாளரின் மேசையில் சத்தமில்லாமல் நடக்கக் கூடாது, பாதிக்கப்படுகிறவர்களுக்கும் அதில் குரல் வேண்டும்.

12. கடைசியா ஒரு மனுஷன் பார்த்துக் கையெழுத்துப் போட்டா பிரச்சினை தீர்ந்ததுதானே?

அவருக்கு மறுக்கும் அதிகாரமும் நேரமும் இருந்தால் மட்டும். 2020 ஜனவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் காவல்துறை, முக அடையாளக் கருவி காட்டிய தவறான பொருத்தத்தை நம்பி ஒரு குற்றமற்ற மனிதரை அவர் குடும்பத்தின் கண் முன்னே கைது செய்து சுமார் 30 மணி நேரம் அடைத்து வைத்தது. அங்கே மனிதர்களும் இருந்தார்கள், கருவி சொன்னதை உறுதிப்படுத்தவும் செய்தார்கள். 2024-இல் முடிந்த சமரசத்தின்படி, அந்த நகரில் கருவியின் முடிவை மட்டும் வைத்து இனி யாரையும் கைது செய்ய முடியாது. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி தேடிய கணிப்பு முறை, வெளிநாட்டுக் குடியுரிமையையும் ஆபத்துக் குறியாக எடுத்துக்கொண்டது. பல்லாயிரம் பெற்றோர்கள் கடனில் தள்ளப்பட்டார்கள். 2021 ஜனவரியில் அரசே பதவி விலகியது.

முழுக்கத் தானியங்கியாக எடுக்கப்படும் முக்கிய முடிவுகளுக்கு எதிராக ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளின் 22ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது. "நாங்கள் மதிப்பெண் மட்டுமே தருகிறோம், முடிவு வங்கியுடையது" என்று கடன் கேட்பவர்களுக்கு மதிப்பெண் போடும் நிறுவனங்கள் சொல்லும் வாதத்தையும் ஐரோப்பிய நீதிமன்றம் 2023 டிசம்பரில் அடைத்துவிட்டது. வங்கி பெரிதும் அந்த மதிப்பெண்ணை நம்பியே முடிவெடுத்தால், மதிப்பெண் போடுவதே தானியங்கி முடிவுதான். உங்களை ஒரு கருவி நிராகரித்தால் மூன்றைக் கேளுங்கள்: என்ன தகவலை வைத்து முடிவெடுத்தீர்கள், மறுபரிசீலனை செய்யும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது, அவர் இதுவரை கருவியின் முடிவை மாற்றியிருக்கிறாரா?

13. பிள்ளை சொந்தமா எழுதினதை ஏஐ எழுதினதுன்னு ஒரு கருவி சொல்லுது. நம்பலாமா?

அதை மட்டும் வைத்துத் தண்டிக்கக் கூடாது. ஓப்பன்ஏஐ வெளியிட்ட கண்டறியும் கருவி, ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தை மட்டுமே பிடித்தது; மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தைத் தவறாகக் குற்றம் சாட்டியது. 2023 ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் தேர்வில் எழுதிய கட்டுரைகளைப் பல கருவிகளில் போட்டுப் பார்த்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், சராசரியாகப் பாதிக்கும் மேல் ஏஐ என்று வந்தது. எளிய சொற்களில் எழுதுவதே அங்கே குற்றமாகிவிடுகிறது. பிள்ளையை உட்கார வைத்து அந்தக் கட்டுரையைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள்; வரைவுகளைக் கேளுங்கள்.

14. என் முகத்தையோ குரலையோ வெச்சுப் போலியா வீடியோ பண்ணிட்டா?

முதலில் சான்றைச் சேமியுங்கள், பிறகு தளத்திடம் நீக்கக் கோருங்கள், கூடவே காவல்துறையிடம் போங்கள். ஆபாசப் போலிகளுக்கு எதிராகச் சட்டங்கள் வேகமாக வருகின்றன. தென்கொரியா 2024-இல் அவற்றை வைத்திருப்பதையும் பார்ப்பதையுமே குற்றமாக்கியது. அமெரிக்காவின் 2025 மே மாதச் சட்டம், புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் தளங்கள் நீக்க வேண்டும் என்கிறது. குரலைப் பொறுத்தவரை, மும்பை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங்கின் குரலை அனுமதியின்றி ஏஐயால் நகலெடுக்கத் தடை விதித்தது. பிரபலமில்லாதவருக்கும் அதே பாதுகாப்பு அதே வேகத்தில் கிடைக்க வேண்டும், இன்னும் கிடைப்பதில்லை.

15. இறந்துபோனவர் குரல்ல பேச வெச்சா? குடும்பமே சம்மதிச்சாலும் தப்பா?

2025 மே மாதம் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு தண்டனை விசாரணையில் இது நடந்தது. சாலைத் தகராறில் சுட்டுக் கொல்லப்பட்டவரின் சகோதரி, அவர் பேசுவதுபோல் ஏஐ காணொளி ஒன்றைத் தயாரித்தார். அதில் 'அவர்' தன்னைச் சுட்டவரை மன்னித்தார். அது ஏஐ என்பதை எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள். நீதிபதி அதைப் பாராட்டிப் பேசினார். பிறகு அரசுத் தரப்பு கேட்டதைவிட ஓர் ஆண்டு கூடுதலாகப் பத்தரை ஆண்டு சிறை விதித்தார்.

அந்தச் சகோதரியின் துயரத்தையும் அன்பையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த வரிகளை எழுதியவர் அவர். அதையே அவர் தன் முகத்தோடு, "என் தம்பி இருந்திருந்தால் மன்னித்திருப்பான்" என்று சொல்லியிருக்கலாம். அது சாட்சியாகவே இருந்திருக்கும். வீட்டுக்குள் நினைவாகக் கேட்பதும், ஒருவரின் சிறைக்காலத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் காட்டுவதும் ஒன்றல்ல. இறந்தவர் உயிரோடு இருந்தபோதே சம்மதம் சொல்லியிருந்தால் முதல் வகையை ஏற்பேன். இரண்டாவது வகையை எந்தச் சம்மதத்தோடும் ஏற்க எனக்கு மனமில்லை.

16. இவ்வளவு குழப்பம் எதுக்கு? ஏஐயையே சட்டப்படி ஒரு நபரா ஆக்கிட்டா என்ன? கம்பெனிக்கு இருக்கே!

ஐரோப்பிய நாடாளுமன்றம் 2017-இல் 'மின்னணு நபர்' என்ற யோசனையை முன்வைத்தது. அடுத்த ஆண்டே 150-க்கும் மேற்பட்ட வல்லுநர்கள் எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள், யோசனை சட்டமாகவில்லை. நிறுவனம் சட்டப்படி நபர்தான், ஆனால் அதற்குச் சொத்து இருக்கிறது, இயக்குநர்கள் இருக்கிறார்கள், ஜப்தி செய்யலாம், சிலரைச் சிறைக்கும் அனுப்பலாம். ஒரு மென்பொருளிடம் அபராதம் கேட்டால் யார் கட்டுவது? ஆறாவது கேள்வியில் ஏர் கனடா வைத்த வாதம் என்னவோ, அதையே சட்டமாக்கியது போலாகிவிடும்.

ஒருநாள் அதற்கு வலியும் உணர்வும் வந்தால் என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. அப்படி ஒன்று வந்தால் அதைத் துன்புறுத்தாமல் இருப்பது நம் கடமையாகும். ஆனால் துன்புறுத்தாமல் காப்பது வேறு, நஷ்ட ஈட்டுக்கு அதைப் பொறுப்பாக்குவது வேறு. விலங்குகளை வதைப்பது பல நாடுகளில் குற்றம். அதற்காக எந்த நாடும் நாய் கடித்ததற்கு நாயிடம் இழப்பீடு கேட்பதில்லை, வளர்த்தவரிடம்தான் கேட்கிறது.